அணையில் மீன் ஏற வழி கட்டியாச்சு, அப்புறமும் ஆள் நின்று மீனைப் பிரிப்பது எதற்கு?

டென்வர்_தேனிக்காரன்:

வணக்கம். கொலராடோவின் மேற்குப் பக்கம் கிராண்ட் ஜங்ஷன் என்று ஒரு ஊர். அங்கே கன்னிசன் ஆறு கொலராடோ ஆற்றோடு சேர்வதற்குச் சில மைல் முன்னால் ரெட்லேண்ட்ஸ் என்ற தடுப்பணை இருக்கிறது, கால்வாய்க்குத் தண்ணீர் திருப்புவதற்காக நூறு வருடத்துக்கு முன்னால் கட்டியது. அதில் 1996-இல் மீன் ஏணி வைத்திருக்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் ஏணியின் மேல் முனையில் கூண்டு வைத்து, ஏறி வரும் மீனை எல்லாம் அதில் அடைத்து, ஆள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலதை மட்டும்தான் மேலே விடுகிறார்களாம். ஏப்ரலில் ஆரம்பித்து இலையுதிர் காலம் வரை இதே வேலை.

எனக்குப் புரியாதது இதுதான். மீன் போகத்தானே வழி? திறந்து விட்டால் தானாகப் போகாதா? இத்தனை கஷ்டப்பட்டு ஏறி வந்த மீனைப் பிடித்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரிப்பது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. இன்னொன்று, என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் அந்தப் பக்கத்துப் பீச் தோட்டக் குடும்பம். "தின்னக்கூட லாயக்கில்லாத மீனுக்காக எங்கள் தண்ணீரைப் பிடுங்குகிறார்கள்" என்று அவருக்கு ஒரே ஆத்திரம். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்துமீன்:

மீன்வளம் படித்தவன், இதே மாதிரி கூண்டு வைத்த ஒரு மீன் வழியில் கோடைக்கால வேலையும் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் யாருக்காக இந்த ஏணி என்று பார்ப்போம். கொலராடோ பைக்மின்னோ என்று ஒரு மீன். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் அந்த ஆற்றில் பெரிய வேட்டைக்கார மீன் அதுதான். அந்தக் காலத்தில் 6 அடி நீளம், 80 பவுண்டு எடை வரை வளர்ந்திருக்கிறது. இப்போது 3 அடி இருந்தாலே பெரிய மீன். தாடையில் பல்லே கிடையாது, தொண்டைக்குள்தான் பல். சினை விட 200 மைல் வரைகூட ஆற்றில் பயணம் போகும். அந்தப் பயணத்தின் நடுவில் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? மேல் பக்கம் இடம் இருந்தும் அங்கே போக ஆள் இல்லை. ரெட்லேண்ட்ஸுக்கு மேலே டெல்டா ஊர் வரை 50 மைலுக்கு மேல் நல்ல ஆறு, அணை கட்டியதிலிருந்து ஏணி வரும் வரை கீழேயிருந்து எந்த மீனும் அங்கே ஏற முடியவில்லை. கூடவே ரேசர்பேக் சக்கர் என்று முதுகில் கத்தி மாதிரி மேடு உள்ள மீன் ஒன்று. அதுவும் அழியும் பட்டியலில் இருக்கிறது. இவை இரண்டும் எப்போதாவதுதான் வரும். தினமும் கூண்டில் கிடப்பது பெரும்பாலும் ஃபிளானல்மௌத் சக்கர், புளூஹெட் சக்கர், ரௌண்ட்டெயில் சப். எல்லாம் அந்த ஆற்றுக்கே சொந்தமான மீன்கள்தான், யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் ஏணியால் அதிகம் பிழைப்பது இவைதான் என்பது என் கணிப்பு.

இப்போது உங்கள் கேள்வி. கீழே கொலராடோ ஆற்றில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் ஏகப்பட்டது இருக்கிறது: கார்ப் கெண்டை, சேனல் கெளுத்தி, ஸ்மால்மௌத் பாஸ், நார்தர்ன் பைக், வால்ஐ, ஒயிட் சக்கர். ஏணிக்கு இவன் உள்ளூர், அவன் வெளியூர் என்று தெரியுமா? எவன் நீந்தினாலும் ஏறுவான். பாஸும் வால்ஐயும் மேலே போனால் குஞ்சுகளைத் தின்றே தீர்த்துவிடும். ஒயிட் சக்கரோ தின்பதில்லை, வேறு மாதிரிக் கெடுக்கும்: ஃபிளானல்மௌத்தோடும் புளூஹெட்டோடும் கலந்து கலப்பினக் குஞ்சு போடும், கொஞ்ச காலத்தில் சுத்த இனம் எது என்றே தெரியாமல் போகும். மேலேயும் ஒயிட் சக்கர் ஏற்கெனவே இருக்கத்தான் செய்கிறது, அதற்காக இன்னும் ஏற்றிவிட முடியாதே. அதனால்தான் கூண்டு.

வேலை எப்படி நடக்கும் என்றால், ஏணி என்பது வரிசையாகக் கான்கிரீட் தொட்டிகள், ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு இடைவெளி, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும், மீன் எதிர்த்து ஏறி அடுத்த தொட்டியில் ஓரமாக ஒதுங்கி மூச்சு வாங்கும். கடைசித் தொட்டியில் அகப்பட்டுக்கொள்ளும். காலையில் முதல் வேலை கம்பித் தட்டியில் அடைந்த குப்பையை வாருவது. காட்டன்வுட் கிளை, காய்ந்த முள்செடி, எப்போதாவது செத்த ஆடு. இதைச் செய்யாவிட்டால் ஏணியில் ஓட்டம் குறைந்துவிடும், மீனுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அணையிலிருந்து விழும் தண்ணீர் ஒரு பக்கம் இரைச்சலாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஏணி வாயிலிருந்து வரும் ஓட்டம் தனியாக உணரும்படி இருந்தால்தான் மீன் அந்தப் பக்கம் திரும்பும். அப்புறம் கூண்டின் தண்ணீரைக் குறைத்து, தட்டியால் மீனை ஓரமாக ஒதுக்கி, வலையில் அள்ளி, நீளம் அளந்து, உடம்புக்குள் சிப் இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்ப்போம். அரிசி மணி அளவுக்கு ஒரு சிப், அதில் எண் இருக்கும். இல்லாவிட்டால் அரிய மீனுக்குப் புதிதாக ஒன்று போடுவோம். அதன் பிறகு அணைக்கு மேல் பக்கம் விட்டுவிட வேண்டியதுதான். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், தண்ணீர் சூடானால் கையில் எடுத்த மீன் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் இடிமழை வந்தால் ஆறு சேறாக ஓடும், அன்றைக்குத் தொட்டிக்குள் மண் இறங்கி மண்வெட்டியோடுதான் வேலை.

அநியாயம் என்கிறீர்கள். எனக்கும் கெளுத்தியைத் தூக்கி வெளியே போடும்போது சந்தோஷமாக இருந்ததில்லை. ஆனால் அதை அந்த ஆற்றில் கொண்டுவந்து விட்டதே மனுஷன்தான்.

கனஅடிக்_கணக்கு:

தண்ணீர்ப் பாசனத் துறையில் வேலை பார்ப்பவன், மீன் எனக்குக் குழம்பில்தான் பழக்கம். அந்தப் பீச் தோட்டத்துக்காரருக்கு நான் பதில் சொல்கிறேன்.

ரெட்லேண்ட்ஸ் கால்வாய்க்கு வினாடிக்கு 750 கனஅடி எடுக்க உரிமை உண்டு. அது பழைய உரிமை, பாசனமும் மின்சாரமும் சேர்ந்தது. மீன் ஏணிக்குத் தேவை சுமார் 100 கனஅடி. இது எங்கேயும் போய்விடுவதில்லை, ஏணி வழியாக இறங்கி அணைக்குக் கீழே அதே ஆற்றில்தான் விழுகிறது. பிரச்சினை எங்கே என்றால், கோடைக் கடைசியில் ஆறு மெலிந்திருக்கும்போது கால்வாய் தன் பங்கை முழுதாக எடுத்துவிட்டால், அணையிலிருந்து கொலராடோ சங்கமம் வரை உள்ள அந்தச் சின்னத் துண்டில் கல்தான் தெரியும். ஏணி எவ்வளவு நன்றாக இருந்து என்ன, அதன் வாசல் வரை மீன் வந்து சேர வேண்டாமா? அதனால் ஜூலை முதல் அக்டோபர் வரை அணைக்குக் கீழே 300 கனஅடி ஓடும்படி பார்க்கிறார்கள். இந்தத் தண்ணீர் யார் தோட்டத்திலிருந்தும் பிடுங்கியது இல்லை. மேலே புளூ மேசா, மாரோ பாயிண்ட், கிரிஸ்டல் என்று மூன்று மத்திய அரசு அணைகள், ஆஸ்பினால் தொகுப்பு என்பார்கள், அங்கிருந்து கணக்குப் போட்டு விடுவது. 2012-இல் அந்த அணைகளைத் திறக்கும் முறையையே மீனையும் மனதில் வைத்து மாற்றி எழுதினார்கள், வசந்தத்தில் பனி உருகும்போது ஒரு பெரிய வெள்ளம் விட வேண்டும் என்பது உட்பட. சினை விடும் கூழாங்கல் மேடுகளில் படிந்த வண்டலை அந்த வெள்ளம்தான் கழுவும்.

அவரிடம் இதையும் கேளுங்கள்: இந்த அரிய மீன்களைக் காப்பாற்ற 1988-இல் ஆரம்பித்த மீட்புத் திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அழியும் உயிரினச் சட்டம் 1973-லிருந்து இருக்கிறது, கடுமையான சட்டம். மேல் கொலராடோவில் 2,000-க்கும் மேற்பட்ட நீர்த் திட்டங்கள், கால்வாயிலிருந்து நகரக் குடிநீர் வரை, தனித்தனியாக வழக்கு என்று அலையாமல் தண்ணீர் எடுப்பதற்குக் காரணமே இந்தத் திட்டத்தின் நிழல்தான். மீன் ஏணி, கால்வாய்த் தடுப்புவலை, குஞ்சு வளர்ப்பு எல்லாம் சேர்ந்து அந்த ஒப்பந்தத்தின் விலை. அணைகளின் மின்சார வருமானத்திலிருந்தும் இதற்குப் பணம் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் விவசாயிக்கு இது மலிவான பேரம்.

டென்வர்_தேனிக்காரன்:

ரொம்ப நன்றி இருவருக்கும். 300 கனஅடி விஷயத்தை அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன், ஒத்துக்கொள்வாரா என்பது வேறு. ஒரு சந்தேகம். அதே ஊர்ப் பக்கம் பாலிசேடு கிட்ட பிரைஸ்-ஸ்டப் என்று இன்னொரு பழைய தடுப்பணை. அங்கே 2008-இல் வைத்த மீன் வழியில் கூண்டே கிடையாது, வெறும் பாறைச் சரிவு, எது வேண்டுமானாலும் ஏறலாம் என்கிறார்கள். அங்கே மட்டும் வெளியூர் மீன் பரவாயில்லையா? அப்புறம், இத்தனை செய்தும் பைக்மின்னோ பெருகினதாகத் தெரியவில்லையே. உண்மையைச் சொல்லுங்கள், பயன் இருக்கிறதா?

ஆத்துமீன்:

பிரைஸ்-ஸ்டப் கொலராடோ ஆற்றில் இருப்பது. அதற்குச் சில மைல் மேலே உருளை மதகு வைத்த பெரிய தடுப்பணை ஒன்று, கிராண்ட் வேலி கால்வாய்க்காக. அங்கே 2004-லிலேயே கூண்டு வைத்த மீன் வழி கட்டிவிட்டார்கள். அதனால் பிரைஸ்-ஸ்டப்பில் எவன் ஏறினாலும் மேலே டோல்கேட் இருக்கிறது, அங்கே பிடிபடுவான். ஒரு ஆற்றில் ஒரு இடத்தில் ஆள் நின்றால் போதும், எல்லா இடத்திலும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. பிரைஸ்-ஸ்டப்பில் தண்ணீருக்கு அடியில் ஆன்டெனா பதித்திருக்கிறார்கள், சிப் உள்ள மீன் கடந்தால் எண் பதிவாகிவிடும், யாரும் தொடவே வேண்டாம்.

பயன் பற்றி. பைக்மின்னோ 1967-லேயே, 1973 சட்டத்துக்கு முந்தைய சட்டப்படி, அழியும் பட்டியலில் சேர்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, கீழே கிரீன் ஆற்றில் வளர்ந்த மீன்களின் எண்ணிக்கை இறங்கியும் இருக்கிறது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அது ஏணியின் குறை இல்லை. வளர்ந்த மீன் மேலே போனால் மட்டும் போதாது, குஞ்சு பிழைக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு நீந்தாது, ஆற்றோடு மிதந்து பல மைல் கீழே போய் ஓரத்துத் தேங்கு நீரில்தான் ஒதுங்கி வளரும். அந்த இடங்களில் இப்போது பாஸும் வால்ஐயும் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. அதனால் கோடை முழுக்கப் படகில் மின்சாரம் பாய்ச்சி வெளியூர் மீனை அள்ளுகிறார்கள், முடிவே இல்லாத வேலை. இன்னொரு பக்கம், அதே ஆற்றின் இன்னொரு அரிய மீனான ஹம்ப்பேக் சப் 2021-இல் "அழியும்" நிலையிலிருந்து ஒரு படி இறங்கி "ஆபத்தில் உள்ள" நிலைக்கு வந்தது. ஆக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மேலே போன மீன் திரும்பி வரும்போது கால்வாய்க்குள் புகுந்துவிட்டால் முடிந்தது கதை, வயலில்தான் போய்ச் சேரும். அதைத் தடுக்க ரெட்லேண்ட்ஸ் கால்வாய் வாயில் 2005-இல் தடுப்புவலை போட்டார்கள். ஏணி கட்டி 9 வருடம் கழித்து! என்னைக் கேட்டால் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கதை, இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1962 செப்டம்பரில், ஃபிளேமிங் கார்ஜ் அணையில் தண்ணீர் தேக்குவதற்கு முன்னால், கிரீன் ஆற்றிலும் அதன் கிளையாறுகளிலுமாக 400 மைலுக்கு மேல் ரோட்டனோன் என்ற மீன் விஷத்தை அரசாங்கமே ஊற்றியது. எதற்கு? இந்த "குப்பை மீன்களை" ஒழித்துவிட்டு ட்ரௌட் விடுவதற்கு. விஷத்தை முறிக்க ஒரு இடத்தில் மருந்து கலக்க ஏற்பாடு செய்திருந்தார்கள், அதையும் தாண்டி டைனோசர் தேசியச் சின்னம் வரை போய்விட்டது. அதே மீனைத்தான் இன்றைக்கு அதே அரசாங்கம் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தி மேலே கொண்டு போய் விடுகிறது. உங்கள் நண்பர் வாயில் வந்த வார்த்தையும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

முர்ரே_கரை:

அடிலெய்டிலிருந்து. கூண்டில் ஆள் நின்று பிரிப்பதற்கு எங்கள் முர்ரே ஆற்றில் ஒரு வேடிக்கையான மாற்று கண்டுபிடித்தார்கள். இங்கே கார்ப் கெண்டை தொல்லை கேட்கவே வேண்டாம், சில இடங்களில் ஆற்றில் உள்ள மீன் எடையில் பெரும்பங்கு அதுதான். யாரோ கவனித்தார்கள், அடைபட்டால் கார்ப் துள்ளும், இந்த ஊர் மீன்களான கோல்டன் பெர்ச்சும் சில்வர் பெர்ச்சும் துள்ளாது. உடனே கூண்டுக்குள் ஒரு தடுப்பு வைத்தார்கள், துள்ளினவன் அடுத்த அறையில் போய் விழுவான், துள்ளாதவனை அப்படியே மேலே திறந்துவிடலாம். வில்லியம்ஸ் கூண்டு என்று பெயர். உங்கள் ஊரில் இது எடுபடுமா என்பது சந்தேகம்தான், கெளுத்தியும் பாஸும் ஒயிட் சக்கரும் சேர்ந்து வரும்போது ஒரே குணத்தை வைத்து எப்படிப் பிரிப்பது.

ஆனால் மீன் வழி கட்டுவதில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு உதவும். ஆரம்பத்தில் இங்கே கட்டியது எல்லாம் வட தேசத்து சால்மனுக்கான வடிவம். சால்மன் பாய்ந்து ஏறும், எங்கள் மீன் பாயாது, வேகமான ஓட்டத்தை எதிர்க்கத் தெம்பும் கிடையாது. ஆக ஏணி இருந்தது, மீன் ஏறவில்லை. 1991-இல் டாரம்பரி தடுப்பணையில் செங்குத்து இடைவெளி வைத்த, சரிவு குறைந்த ஏணி கட்டின பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதற்கப்புறம் கடலிலிருந்து ஹியூம் அணை வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு தடுப்பணையிலும் வழி வைத்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன்களும் ஏற வேண்டும் என்பது பின்னால்தான் உறைத்தது, அதற்கு ஓட்டத்தை இன்னும் குறைக்க வேண்டியிருந்தது.

கொள்ளிடக்கரை:

நம்ம ஊர் விஷயம் ஒன்று. உல்லம் மீன், வங்காளத்தில் ஹில்சா என்று உயிரை விடுகிறார்களே அதேதான், கடலிலிருந்து கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறி வந்து சினை விட்டது. அணைக்கட்டுகள் அதை மறிக்கின்றன, மீனுக்கு வழி வையுங்கள் என்று பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மீன் ஆய்வாளர் 1873-லேயே அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். அப்புறம் கீழணையில் மீன் வழி வைத்துப் பார்த்தார்கள், உல்லம் அதைச் சீந்தவில்லை. 1934-இல் மேட்டூர் வந்தது, வெள்ளமே குறைந்துபோனது, காவிரியில் உல்லம் பிடிப்பும் அத்தோடு படுத்துவிட்டது. முர்ரேக்காரர் சொல்வதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. எந்த மீனுக்குக் கட்டுகிறோமோ அது எப்படி நீந்தும் என்று பார்க்காமல் கட்டினால் செலவுதான் மிச்சம். அங்கே தினமும் ஆள் போய்ப் பார்க்கிறார்கள், எந்த மீன் ஏறியது, எது ஏறவில்லை என்று எழுதி வைக்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறாமை.

கனஅடிக்_கணக்கு:

கொள்ளிடக்கரை, சரியாகச் சொன்னீர்கள். சான் வான் ஆற்றில் நியூ மெக்சிகோ பக்கம் 2003-லிருந்து இதே மாதிரி கூண்டு வைத்த மீன் வழி ஒன்று ஓடுகிறது, அதை நடத்துவது நவஹோ பழங்குடி அரசின் மீன், வனவிலங்குத் துறை. அதே ஆறு பவல் ஏரியில் விழும் இடத்தில் இன்னொரு கூத்து. ஏரி நீர்மட்டம் இறங்கியதும் ஆறு பழைய தடத்தை விட்டுப் பாறை மேல் ஏறி ஓட ஆரம்பித்து, அங்கே ஒரு அருவியே உண்டாகிவிட்டது. ரேசர்பேக் எல்லாம் கீழே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அருவிக்கு மேலே விடுகிறார்கள். யாரும் கட்டாத தடுப்புக்கும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

டென்வர்_தேனிக்காரன்:

அருமை. கடைசியாக ஒன்று, இது குழப்பமாக இருக்கிறது. போர்ட்லேண்டில் இருக்கும் என் மச்சான், கொலம்பியா ஆற்றில் பைக்மின்னோ பிடித்துக் கொடுத்தால் அரசாங்கம் காசு கொடுக்கும் என்கிறான். இங்கே காப்பாற்றுகிறார்கள், அங்கே கொல்லச் சொல்லிக் காசா?

ஆத்துமீன்:

மச்சான் சொல்வது சரிதான், மீன்தான் வேறு. அது நார்தர்ன் பைக்மின்னோ, உங்கள் ஊர் மீனின் பங்காளி. அதுவும் அந்த ஆற்றுக்குச் சொந்தமானதே, ஆனால் அணைகள் வந்த பிறகு தேங்கிய தண்ணீரில் அதற்கு நல்ல வாழ்வு, கடலுக்குப் போகிற சால்மன் குஞ்சுகளை அணை வாசலில் காத்திருந்து தின்கிறது. அதனால் 9 அங்குலத்துக்கு மேல் பெரிதான மீனைக் குறைக்க 1990-களின் தொடக்கத்திலிருந்து பரிசுத் திட்டம் நடக்கிறது.

கொலராடோவில் அந்த எண்ணத்தோடு தூண்டில் போட்டுவிடாதீர்கள், பைக்மின்னோவை வைத்திருந்தால் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். கிராண்ட் ஜங்ஷன் பக்கம் நீளமான உடம்பு, பெரிய வாய், பல் இல்லாத தாடையோடு ஏதாவது சிக்கினால் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி உடனே விட்டுவிடுங்கள். போட்டோ எடுக்க வெளியே தூக்க வேண்டாம்.